அக்காவின் சீவாளி ஏறிக்கொண்டே போனது

அக்காவின் நாயனம் சுருதியை விட்டு ஏறுவதை முதலில் கேட்டது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, நான் உட்கார்ந்திருந்த இடம் அப்படி. எங்கள் மேள செட்டில் அக்கா முதல் நாயனம், நான் இரண்டாவது, அப்பா தவில். அக்கா வாசிப்பதை அவள் தோள் உரச உட்கார்ந்து நானும் வாசிக்க வேண்டும். கேட்கிறவர்களுக்கு ஒரே நாயனம்போல இருக்க வேண்டும். இரண்டும் மயிரிழை விலகினால் போதும், நடுவில் ஒரு வண்டு புகுந்துகொண்டு ஙொய் ஙொய் என்று அடிக்கும். திருவாமாத்தூரில் ஒரு காதுகுத்து வீட்டில் அந்த வண்டு வந்தது.

வாசிப்பு முடிந்து காபிக்கு எழுந்தபோது தாளக்கார மாமா ஆரம்பித்தார். மாமா என்று கூப்பிடுவோமே தவிர உறவில்லை. தாளமும் சுருதிப் பெட்டியும் அவர் பொறுப்பு, வாயும் அவர் பொறுப்பு.

"பெரிய பாப்பா இன்னிக்கி மெட்ராஸ் பஸ்ஸு மாதிரி போவுது. நம்ம பெட்டி பின்னாடியே ஓடியாருது, புடிக்க முடியல."

அக்கா சிரித்தாள். "பெட்டிக்கி வயசாயிடுச்சி மாமா."

"பெட்டிக்கா, எனக்கா?"

"ரெண்டுக்குந்தான்."

அப்பா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "சீவாளிய பாரும்மா" என்றார்.

சீவாளி பார்ப்பது என் வேலையாகியிருந்தது. நானாகப் பிடுங்கிக்கொண்ட வேலை. நாயனத்தின் நுனியில் உதட்டுக்குள் போகிற சின்ன நாணல் துண்டுதான் சீவாளி. இரண்டு இதழ், நடுவே அரிசி நுழைகிற அளவுக்கு ஒரு வாய். அதைக் கெண்டை என்கிற சின்ன உலோகக் குழலில் செருகி, கெண்டையை நாயனத்தில் செருகுவோம். சுருதி ஏறினால் சீவாளியை நன்றாக ஊறவைத்துப் பார்க்கலாம். ஊசியை விட்டு வாயைக் கொஞ்சம் அகட்டலாம். அதற்கும் மசியாவிட்டால் கெண்டையின் அடியில் இன்னும் கொஞ்சம் நூலைச் சுற்ற வேண்டும். அது முழுசாக உள்ளே இறங்காமல் வெளியே நிற்கும், குழல் நீளும், சுருதி இறங்கும். எங்கள் ஊர் திண்டிவனத்திலேயே காலேஜில் பிசிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். காற்றுத்தம்பம் பாடம் நடந்த அன்று லெக்சரர் முடிப்பதற்குள் எழுந்து நின்று இதையெல்லாம் சொல்லி, வகுப்பு முழுக்க என்னை 'பீப்பி' என்று கூப்பிடும்படி ஆகிவிட்டது. நான் கவலைப்படவில்லை. எனக்கு எதையாவது சரி செய்துகொண்டே இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே அக்காவின் சீவாளியைச் சரி செய்தேன். வாயை அகட்டி, கெண்டைக்குச் சிவப்பு நூல் சுற்றி, என் நாயனத்தோடு வைத்து ஊதிப் பார்த்தேன். வண்டு போய்விட்டது. மறுநாள் காலை சாதகத்தில் அக்கா அதை வைத்துக் கொஞ்ச நேரம் வாசித்தாள். தலை வலிக்கிறது என்று சீக்கிரம் எழுந்துபோனாள். அடுத்த வாரம் கெடாரில் ஒரு கோயில் விசேஷம். முதல் உருப்படியிலேயே வண்டு திரும்பி வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அவள் சீவாளி டப்பாவைத் திறந்து பார்த்தேன். சீவாளியின் வாய் ஒட்டிக்கொண்டிருந்தது. கெண்டையில் நான் சுற்றிய சிவப்பு நூலில் பாதி இல்லை. நாணல் தானாகச் சுருங்கும், வாய் தானாக மூடும், ஒத்துக்கொள்கிறேன். நூல் தானாக அவிழ்ந்து, பாதி காணாமல் போய், மிச்சம் ஒழுங்காக முடிச்சுப் போட்டுக்கொள்ளாது.

யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

அம்மாவிடம் சொன்னதும் அவள் உப்பையும் மிளகாயையும் எடுத்து அக்காவை உட்காரவைத்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் பொரிந்தது. நெடி வரவில்லை.

"பாத்தியா, நெடியே வரல. அவ்ளோ கண்ணு" என்றாள் அம்மா.

"மொளகா பழசும்மா" என்றாள் அக்கா.

நான் சயின்ஸ் படிக்கிறவள். ஆனாலும் அந்த நெடி வராதது எனக்குப் பிடிக்கவில்லை. மறுபடி வாயை அகட்டினேன், மறுபடி நூல் சுற்றினேன். இந்தத் தடவை டப்பாவை என் துணிப்பெட்டிக்குள் வைத்தேன். அப்படியும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நூல் குறைந்திருந்தது. வெளியாள் நுழையவே முடியாத இடம். யார் யாரையோ நினைத்துப் பார்த்தேன். எந்த செட்டுக்காரனுக்கும் எங்கள் மேல் அத்தனை பகை இல்லை. காரணம் தெரியாமல் ஒன்று நடந்துகொண்டே இருந்தால் மனசு எங்கெல்லாம் போகும் என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் ஒரு பாத்திரம் இடம் மாறியிருந்தாலும் திடுக்கென்றது.

ஒரு நாள் காலேஜில் ஸ்ட்ரைக். வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். பின்பக்கம் துணி துவைக்கிற கல்லின்மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் வாயில் சீவாளி. அதன் ஓரங்களைக் கடைவாய்ப் பல்லில் வைத்து மெதுவாக அழுத்தினாள். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு கெண்டையைத் திருப்பி, சிவப்பு நூலை அவிழ்த்தாள். எல்லாவற்றையும் நாயனத்தில் செருகி ஒரே ஒரு ஸ்வரத்தை நீட்டி ஊதினாள். நீட்ட முடியவில்லை. நாயனத்தை மடியில் போட்டுவிட்டு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அழவில்லை. மூச்சைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நீதானா?" என்றேன்.

அவள் மூச்சை ஒரு தடவை இழுத்துக்கொண்டாள். "காலேஜு இல்லியா?"

"ஸ்ட்ரைக்கு. நீதானாக்கா நூல அவுக்கறது?"

"நீ வாய தொறந்து தொறந்து வெக்கிற. அத ஊதறதுக்கு ரெண்டு ஆளு காத்து வேணும்டி."

"அதான் சரியான வாயி. நானும் அதத்தான ஊதறேன்."

"ஒனக்கு இருக்குது. எனக்கு பத்தல."

அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. வாயைச் சுருக்கினால் கொஞ்சம் மூச்சிலேயே சீவாளி பேசிவிடும். சத்தம் மெலியும், சுருதி ஏறும், ஆனால் வாசித்து முடித்துவிடலாம். அக்காவுக்கு சுருதி தெரியாமல் இல்லை. அந்த வண்டு எனக்குக் கேட்பதற்கு முன்னால் அவளுக்குக் கேட்டிருக்கும். இருக்கிற மூச்சுக்குத் தகுந்த வாயை வைத்துக்கொண்டு, ஏறிப்போகிற சுருதியைச் சகித்துக்கொண்டிருந்தாள். நான் ஒவ்வொரு தடவையும் சுருதியை இறக்கி இறக்கி அவள் மூச்சை எடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பனமலையில் மலைக்கோயிலுக்கு ஏறும்போது பாதிப் படியில் உட்கார்ந்து காலில் முள் குத்திவிட்டது என்றாளே, முள் இல்லையாம். வெக்கை தாங்கவில்லை என்று சுவரில் சாய்ந்தபடி தூங்குகிறாளே, வெக்கை இல்லையாம், படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். இதையெல்லாம் நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். பார்த்ததெல்லாம் இப்போது வேறாக மாறியது.

"அப்பாகிட்ட சொல்லலாங்க்கா."

"சொன்னா நாயனத்த புடுங்கி பரண்ல போட்டுருவாரு."

"டாக்டர்கிட்டயாவது போவலாம்."

"டாக்டரும் ஊதாதன்னுதான் சொல்லப்போறாரு. அத கேக்கறதுக்கு பஸ்ஸு ஏறி வேற போவணுமா? விழுப்புரம் கல்யாணம் முடியட்டும். நானே சொல்றேன்."

"அதுக்குள்ள எதுனா ஆச்சின்னா?"

"ஆவாது. நீ வாய தொறக்காத, அது போதும்."

"சீவாளி வாயா, என் வாயா?"

"ரெண்டையும் மூடு" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். எழுந்தவள் உடனே நடக்கவில்லை, கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா முன்பணம் வாங்கியிருந்த அந்தக் கல்யாணம் வரும்வரை நான் நானாக இல்லை. சாப்பிடும்போது அவள் மூச்சைக் கேட்டேன், துணி காயப்போடும்போது கேட்டேன். காலேஜ் லைப்ரரியில் உடம்பைப் பற்றிய ஒரு தடிப் புத்தகத்தை எடுத்தேன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அக்கா செத்துப்போகிற மாதிரியே இருந்தது. மூடி வைத்துவிட்டேன். சொல்லிவிடலாம் என்று அப்பா பக்கத்தில் போய் நிற்பேன். அவர் தவிலுக்கு வாரை இழுத்துக்கொண்டிருப்பார். "என்னம்மா?" என்பார். "ஒண்ணுமில்லப்பா" என்று வந்துவிடுவேன். சொன்னால் அக்காவிடமிருந்து நாயனம் போய்விடும். சொல்லாவிட்டால் எது போகும் என்று யோசிக்கவே பயம்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அக்காவை இறக்க முடியாது. மிச்ச எல்லாரையும் ஏற்றிவிடலாம். தாளக்கார மாமா அப்போதுதான் மெட்ராஸிலிருந்து கரண்ட்டில் ஓடுகிற புது சுருதிப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பழைய துருத்திப் பெட்டி மாதிரி இல்லை, இதில் ஒரு திருகு இருந்தது. திருகினால் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பெட்டியை அக்காவின் உயரத்துக்கு ஏற்றி, என் சீவாளியையும் அவளுடையதைப் போலச் சுருக்கிவிட்டால் வண்டு வராது. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மூச்சையும் மிச்சம் பிடிக்கலாம்.

விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் மண்டபம். கத்திரி வெயில். பந்தல் தகரம் காய்ந்து அந்தச் சூடு எங்கள் தலைமேல் இறங்கியது. அது போதாதென்று வீடியோ எடுக்க ஆள் வந்திருந்தார். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் வீடியோ அப்போதுதான் புதுசு. மணமேடையைச் சுற்றி மூன்று விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேளக்காரர்கள் முகத்திலும் அந்த வெளிச்சம் அடித்தது.

மாமா தாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் கையை நீட்டித் திருகைத் திருப்பினேன். அக்கா பார்த்தாள்.

"நீ ஏன்டி ஏத்தற?"

"வெய்யிலு. எப்பிடியும் ஏறும்."

அவள் என் முழங்காலை ஒரு தடவை அழுத்தினாள். அதோடு நாயனத்தை எடுத்துக்கொண்டாள்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. அப்பா மட்டும் தவிலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா, சுருதி இப்பிடி ஏறிக் கெடக்குது?" என்றார்.

"மனுசனுக்கே ஏறுதுண்ணா. பொட்டிக்கி ஏறாதா?" என்றார் மாமா.

அக்கா கல்யாணியை எடுத்தாள். சின்னச் சின்னத் துண்டாக வாசித்தாள், துண்டுக்கு நடுவே எனக்கு இடம் விட்டாள். கேட்கிறவர்களுக்கு அக்காளும் தங்கையும் கேள்வி பதில் வாசிப்பதுபோல இருந்திருக்கும். முன்வரிசையில் ஒரு பெரியவர் தலையை ஆட்டினார். நான் பதில் வாசிக்கும்போதெல்லாம் அவள் பக்கம் காது வைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் மூச்சு இழுக்கிற சத்தம் முன்னைவிடச் சின்னதாக வந்தது.

ஐயர் விரலைத் தூக்கினார். கெட்டிமேளம்.

கெட்டிமேளம் நிற்கக் கூடாது. எங்கள் தொழிலில் எத்தனையோ பிழைக்கு மன்னிப்பு உண்டு, இதற்கு இல்லை. தாலி ஏறுகிற நேரத்தில் ஒரு தும்மலோ அழுகையோ வேண்டாத வார்த்தையோ யார் காதிலும் விழாமல் அடித்து மூடுவதற்குத்தான் அந்தச் சத்தம். மூன்று முடிச்சும் விழுகிறவரை தவிலும் நாயனமும் மூச்சு விடாமல் போக வேண்டும். அப்பா இரண்டு கையாலும் அடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். கொஞ்சம் போனதும் ஏதோ குறைந்தது. வண்டும் இல்லை, கூட வருகிற குழலும் இல்லை. கேட்டதெல்லாம் என் நாயனம் மட்டும்தான்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். அக்காவின் விரல்கள் துளைகளின்மேல் ஓடிக்கொண்டிருந்தன. சீவாளி உதட்டில்தான் இருந்தது. சத்தம் இல்லை. அந்த வீடியோ வெளிச்சத்தில் அவள் உதடு நாவற்பழம் தின்றதுபோல இருந்தது.

இரண்டு முடிச்சு விழுந்துவிட்டது. மூன்றாவதை மாப்பிள்ளையின் அக்கா போட வேண்டும். அவள் கையை வைத்தபோது வீடியோக்காரர் குறுக்கே வந்தார். "ஐயிரே, கொஞ்சம் தள்ளிக்குங்க. யக்கா, முடிச்சி தெரியல, கைய அப்பிடியே வெச்சிக்கினு இருங்க." அந்த அம்மா அப்படியே வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தாள். விளக்குக்காரப் பையன் இன்னும் கிட்டே வந்தான். மேளம் போய்க்கொண்டே இருந்தது. நான் இரண்டு பேருக்காக ஊதினேன். ஊதிக்கொண்டே முழங்கையால் அக்காவை இடித்தேன். அவள் திரும்பவில்லை. மெல்ல என் பக்கம் சாய்ந்தாள். அந்தக் கனம், தூங்குகிறவர்களுடைய கனம்போல இருந்தது.

நான் நாயனத்தை எடுத்துவிட்டேன்.

"அப்பா, அக்காவ பாரு."

மூன்றாவது முடிச்சு இன்னும் விழவில்லை. அப்பா பார்த்தார். அவர் முகம் போனதைப் பார்த்தேன், ஆனால் கை நிற்கவில்லை. இன்னும் வேகமாக அடித்தார். நாயனம் விட்ட இடத்தையெல்லாம் தவிலாலேயே நிரப்பினார். மாமா தாளத்தைத் தலைக்குமேல் தூக்கி அடித்தார். பெற்ற மகள் என் மடியில் சரிந்து கிடப்பதைக் கண்ணெடுக்காமல் பார்த்தபடி அந்த மனிதர் கெட்டிமேளம் அடித்தார். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினாலும் யாருக்கும் கேட்டிருக்காது. அக்காவின் மூக்கடியில் விரலை வைத்தேன். விளக்குச் சூட்டில் காற்று வருகிறதா இல்லையா என்று தெரியவில்லை.

முடிச்சு விழுந்தது. தவில் நின்ற பிறகுதான் அக்காவின் மூச்சு எனக்குக் கேட்டது. கரகரவென்று, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல.

"முகூர்த்தத்துல நாயனம் நின்னுபோச்சே" என்று ஒரு அம்மா பின்னாலிருந்து சொன்னாள்.

"கேமராக்காரனுக்கு காத்திருந்தா எமனுக்கே மூச்சி நிக்கும். தள்ளு தாயே" என்றார் மாமா. தாளத்தைப் போட்டுவிட்டுத் துண்டால் அக்காவுக்கு விசிறினார்.

பெண்ணின் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "மாப்ள கார எடுத்துக்கினு போங்க. ஜல்தி" என்றார். ரோஜாவும் சம்பங்கியும் ஜோடித்த காரில் அக்காவை உட்காரவைத்து, நான் முதுகைத் தாங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் கல்யாணக் கார் வழி தவறி வந்துவிட்டது என்று நினைத்துக் கையைக் காட்டித் திருப்பிவிடப் பார்த்தார்.

விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று அங்கே டாக்டர் கேட்டார். அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதில் முழங்கால் வீங்கி, எண்ணெய் தேய்த்துச் சரியாகிவிட்டது என்றாள். சரியாகவில்லை, இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்றார் டாக்டர். மெட்ராஸில் ஆபரேஷன் செய்யலாம், பிழைக்க வாய்ப்பு நிறைய என்றார். நிறைய என்றால் முழுசாக இல்லை என்று எனக்கு உடனே கேட்டது.

"அப்பறம் ஊதலாமா டாக்டர்?" என்றாள் அக்கா.

"மொதல்ல மாடிப்படி ஏறுங்க. அப்பறம் பேசலாம்."

டாக்டர் போனதும் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "ஒரு முடிச்சி பாக்கி இருந்துச்சி. நீ நிறுத்தியிருக்கக் கூடாது."

"நிறுத்தாம?"

ஆபரேஷனுக்கு உள்ளே போகிறவரை அவள் என்னிடம் அதற்குமேல் பேசவில்லை. மெட்ராஸில் அந்த நீளமான வராந்தாவில் அப்பாவோடு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அதுவே பயமாக இருந்தது. கடைசியாக அவள் சொன்ன வார்த்தை அதுவாகிவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

பிழைத்து வந்தாள். திண்டிவனத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். உதட்டில் நிறம் வந்தது, படுத்துத் தூங்கினாள், சண்டை போட்டாள். கச்சேரிகளுக்கு நான் தனியாகப் போனேன். டாக்டர் இன்னும் எதற்கும் சரி என்று சொல்லவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. நாயனம் இல்லை, வெறும் சீவாளி. உதட்டில் வைத்து லேசாக ஊதினால் வருகிற சின்னக் கீச்சுக்குரல். வந்தது, நின்றது. அவளாக நிறுத்தினாளா, அதுவாக நின்றதா? கையில் சோற்றுப் பாத்திரத்தோடு நின்றேன். அப்பாவைக் கூப்பிடலாமா என்று வாய்வரை வந்தது. மறுபடி வந்தது, முன்னைவிடக் கொஞ்சம் நீளமாக.

பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். நிறுத்து என்று சொல்லவில்லை. முகத்தையே பார்த்தேன்.

"என்னடி பாக்கற? ஒதடு நீலமா இருக்குதா?"

"இல்ல."

"அப்ப போ."

நான் போகவில்லை. அவள் சீவாளியை ஒரு தடவை நாக்கில் நனைத்துக்கொண்டு மறுபடி உதட்டில் வைத்தாள்.